தவிட்டில் பூட்டிய பாஸ்பரஸ்

பெங்களூரில் மார்கழி மாதம் இட்டிலி மாவு எளிதில் பொங்குவதில்லை. விவேக் நகரில் குடியேறிய முதல் ஆண்டிலேயே இவ்வுண்மையை நாம் கண்டுகொண்டோம். இரவு கரைத்துவைத்த மாவு காலையிலும் கரைத்தபடியே கிடக்கும். பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி அடுப்பங்கரை மூலையில் வைத்துப் பார்ப்போம். சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. தில்லியிலும் புனேயிலும் வாழும் நேயர்கள் இதை நம்மினும் நன்றாக அறிவர். வேலூரிலோ திருச்சியிலோ சித்திரை மாதத்தில் அதே மாவு விடியுமுன் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். குளிரில் உறங்கி, வெம்மையில் விழித்து வேலைசெய்வது எது? மாவைப் புளிக்கவைப்பவை நுண்ணுயிர்கள். அவ்வுயிர்களுக்குள் இருந்து தொழில் புரிபவை நொதிகள். வெம்மை ஏற ஏற அவற்றின் வேகம் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினாலோ அவை மாண்டொழியும். வெந்த இட்டிலி மேலும் பொங்குவதில்லை அன்றோ?

ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் நம் வீடுகளில் ஒரு துண்டு பப்பாளிக்காயைச் சேர்ப்பது வழக்கம். பப்பாளிப் பாலில் உள்ள பாப்பேன் என்னும் நொதி இறைச்சியின் புரதத்தை அறுத்து மிருதுவாக்குகிறது. காயை முன்பே வேகவைத்துச் சேர்த்தால் அந்தத் தொழில் நடவாது. பெங்களூரின் நொதித் தொழிலும் இந்தப் பப்பாளியிலிருந்தே ஒரு கிளை விட்டது. 1978-ல் கிரண் மஜும்தார் இந்நகரில் ஒரு வாடகைவீட்டின் கார்க் கொட்டகையில் 10,000 ரூபாய் முதலீட்டில் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அங்கு முதன்முதல் உருவான சரக்குகளில் ஒன்று பாப்பேன். அந்நிறுவனம் பிற்காலத்தில் மருந்துத் தொழிலில் பெரிதாக வளர்ந்து, 2007-ல் தன் நொதிப் பகுதியை டென்மார்க் நாட்டின் நோவோசைம்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

நொதி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பே பிழைப்பாக உள்ளவர்களுக்குச் சொல்லைத் தொடாமல் பொருளுக்குள் போக இயலாது. ஜெர்மானிய விஞ்ஞானி கூனே 1877-ல் ‘ஈஸ்டில் உள்ளது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு என்சைம் என்று பெயரிட்டார். நம்மவர் நொதித்தல் என்ற வழக்கிலிருந்து நொதி என்றனர். இலங்கைப் பாடநூல்கள் நொதியம் என்கின்றன. பெயர் வந்து அரை நூற்றாண்டு சென்றும் அது என்ன பொருளாலானது என்பதில் சண்டை ஓயவில்லை. 1926-ல் அமெரிக்காவின் சம்னர் என்பார் நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரையின் பருப்பிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதமே என்று காட்டினார். அவருக்கு நோபெல் பரிசு வந்து சேர்ந்தது 1946-ல்.

நொதி ஒரு புரதம் என்னும் இந்த ஒரு செய்தியே நாம் சொல்லப்போகும் வரலாறு முழுவதற்கும் வேர். புரதத்தை வெம்மை குலைத்துவிடும். முட்டையின் வெண்கரு வாணலியில் கெட்டிப்படுவதை நாம் தினமும் காண்கிறோம். புரதத்தை இரைப்பையும் செரித்துவிடும். அதற்கென்றே அங்கே அமிலமும் பெப்சினும் சுரக்கின்றன. ஆகவே ஒரு நொதியைத் தீவனத்தில் கலந்து கோழிக்கு ஊட்டி, அதன் வயிற்றில் வேலைசெய் என்று ஏவுவது சிறிய காரியமன்று. வேலைக்காரனையே சோறாக எண்ணி விழுங்கும் வீட்டுக்கு ஆள் அனுப்புவது போன்றது அது.

இப்பொருளில் நமக்கு அக்கறை பிறந்தது ஒரு பிழையால். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து கோழிப் பண்ணையாளருக்கான துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழாக்கத்துக்கு நம் மேசைக்கு வந்தது. தீவனத்தில் கலக்கும் பைட்டேஸ் என்ற நொதியைப் பற்றியது. அதில் அந்நொதிக்கு அளித்திருந்த ஓர் அடைமொழியை ‘வெப்பத்தைத் தாங்க வல்லது’ என்று பெயர்த்தோம். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, மேலதிகாரியும் ஒப்பமிட்டார். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் நம் சிற்றப்பாவின் மகனுக்கு ஒரு படியைப் பெருமையுடன் அனுப்பியும் வைத்தோம். அடுத்த ஆடியில் அவர் எழுதினார்: “அண்ணா, நீங்கள் எழுதியதை நம்பி நொதி மூட்டைகளைத் தகரக் கொட்டகையிலேயே போட்டிருந்தேன். சித்திரை, வைகாசி இரண்டு மாத வெயிலும் அதன்மேல்தான். இப்போது முட்டை ஓடு காகிதம்போல் இருக்கிறது. கோழிகள் கால் ஊன்ற மாட்டாமல் உட்கார்ந்துகொள்கின்றன.”

அக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

தானியத்திலும் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலம் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு வளையத்தைச் சுற்றி ஆறு பாஸ்பேட்டுகள் கோத்த அமைப்பு அது. விதை முளைக்கும்போது பயன்படுவதற்காகச் செடி தன் குழந்தைக்குக் கட்டிவைத்த கட்டுச்சோறு எனலாம். இப்பூட்டைத் திறக்கும் சாவிதான் பைட்டேஸ். 1907-ல் ஜப்பானிய விஞ்ஞானி உமெதாரோ சுசுகியும் அவருடைய தோழர்களும் அரிசித் தவிட்டில் இந்த நொதி இருப்பதைக் கண்டனர். பெரிபெரி நோயைத் தீர்க்கும் சத்தை அதே தவிட்டிலிருந்து சில ஆண்டுகளில் பிரித்தவரும் அவரே. தவிட்டை மாட்டுக்குக் கொட்டிவிட்டு வெள்ளைச் சோற்றை உண்ட நமக்கெல்லாம் தவிட்டின் அருமையை எடுத்துக்காட்டியவர் அவர்.

மாட்டுக்குக் கொட்டியதில் பழுதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தாமே பைட்டேஸை உண்டாக்கிப் பூட்டைத் திறந்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் அந்தப் பாக்கியம் போதிய அளவு இல்லை. நம் விவேக் நகருக்கு அண்மையிலுள்ள ஆடுகோடிப் பகுதி கால்நடைத் தீவன ஆராய்ச்சிக்குப் பழைய இடம். 1923-ல் இங்கே கால்நடை வளர்ப்புக்கும் பால் பண்ணைத் தொழிலுக்குமான இம்பீரியல் நிலையம் ஏற்பட்டது. 1927-ல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அங்குச் சென்று மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஆனந்தில் புகழ்பெற்ற வர்கீஸ் குரியனும் அங்கே பயின்றவர். 1955-ல் தலைமையிடம் கர்னாலுக்குப் போய்விட்டது. தென்மண்டல நிலையம் இங்கேயே நின்றது. 1995-ல் விலங்கு ஊட்டச்சத்துக்கும் உடலியலுக்குமான தேசிய நிலையமும் ஆடுகோடியிலேயே எழுந்தது. குழந்தை இயேசு திருத்தலத்துக்கு வியாழக்கிழமைதோறும் வரும் பெருங்கூட்டத்தில் எத்தனை பேர் இதை அறிவர்? நாமே பல ஆண்டுகள் அந்த மதிலோரமாகப் பேருந்தில் போய் வந்தும் அறிந்தோமில்லை.

பூட்டிய பாஸ்பரஸ் கோழிக்குக் கிட்டாதபோது பண்ணையாளர் செய்வது டைகால்சியம் பாஸ்பேட் என்ற தாது உப்பைத் தீவனத்தில் சேர்ப்பது. அது பாறைப் பாஸ்பேட்டிலிருந்து வருவது. ராஜஸ்தானத்தில் உதயப்பூரை அடுத்துச் சுரங்கம் இருப்பினும், நம் நாட்டின் தேவையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே இறங்குகிறது. காசு கொடுத்துப் பாறையைத் தின்னக் கொடுத்து, தவிட்டில் உள்ள பாஸ்பரஸை எச்சத்தோடு வெளியே தள்ளுகிறோம். இந்த வீண்செலவைத் தடுக்க நொதியைக் கலந்து பார்க்கலாம் என்ற எண்ணம் 1962-லேயே அமெரிக்காவில், அதுவும் பாஸ்பேட் விற்கும் ஒரு நிறுவனத்தில் எழுந்தது என்பது வேடிக்கை. மண்ணிலிருந்து எடுத்த 2,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, அஸ்பெர்ஜில்லஸ் இனத்துக் கரும்பூஞ்சை ஒன்றைத் தேர்ந்தனர். 1968-லும் 1971-லும் நெல்சன் என்பாரும் பிறரும் அதன் நொதியைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டி, எலும்பு வலுப்பதைக் காட்டினர். ஆயினும் அக்காலத்தில் பாறை மலிவு, நொதி விலையுயர்வு. விஷயம் அலமாரிக்குள் போயிற்று.

அதை மீண்டும் வெளியே எடுத்தது விலையன்று, நீர்நிலைகளின் கேடு. ஹாலந்து நாட்டில் பன்றிகளும் கோழிகளும் மிகுதி, நிலமோ குறைவு. எச்சத்தில் போன பாஸ்பரஸ் வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் சேர்ந்து பாசி பெருகியது. நிலத்தில் எவ்வளவு எரு இடலாம் என்று சட்டம் வரம்பு விதித்தது. 1991-ல் அந்நாட்டிலேயே பூஞ்சைப் பைட்டேஸ் முதன்முதல் சந்தைக்கு வந்தது. பெங்களூர்வாசிகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 2015-ல் பெல்லந்தூர் ஏரி நுரைத்துச் சாலைக்கு வந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அந்த நுரைக்குக் காரணம் கோழியன்று. நகரின் சாக்கடையும் சோப்புத் தூளுமே. எனினும் வேண்டாத இடத்தில் பாஸ்பரஸ் சேர்ந்தால் ஏரி என்ன பாடுபடும் என்பதற்குக் கடல் கடந்து போகவேண்டியதில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். இறைச்சிக்கோழித் தீவனத்தைப் பெரும்பாலும் மாவாகத் தருவதில்லை. நீராவி பாய்ச்சி, அழுத்தி, குச்சிகளாக்கித் தருகின்றனர். அப்போது மாவின் வெப்பம் 80, 90 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறும். தீய கிருமிகள் சாவதற்கு அது நல்லதே. ஆனால் உடன் கலந்த நொதியும் சாகும். ஆலைக்காரர்கள் நொதியைக் குச்சி ஆறியபின் தெளித்துப் பார்த்தனர். மேற்பூச்சு ஒன்றைப் போர்த்திப் பார்த்தனர். போர்வை தடித்தால் கோழியின் வயிற்றைக் கடக்கும் சில மணி நேரத்துக்குள் அது கரையாது. மெலிந்தால் ஆலையிலேயே கிழியும். ஆகவே நொதியையே திருத்தி அமைக்கும் எண்ணம் வலுத்தது.

அவ்வாறு திருத்திய முறைகளுள் ஒன்று நம் தமிழர்க்கு மிக எளிதில் விளங்கும். உ. வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராக அலைந்து பல ஏடுகளைத் திரட்டி, வரி வரியாக ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு நல்ல பாடத்தைத் தேர்ந்த வரலாறு யாவரும் அறிந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் லேமன் முதலியோர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. புரதம் என்பது அமினோ அமிலங்களை எழுத்துகள்போல் வரிசையாகக் கோத்த ஒரு நெடுந்தொடர். பூஞ்சைப் பைட்டேஸ்கள் பதின்மூன்றின் தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வோர் இடத்திலும் எந்த எழுத்து மிகுதியாக வருகிறதோ அதனையே எடுத்துக் கோத்துப் புதியதொரு தொடரை வரைந்து, உண்மையாகவே உண்டாக்கினர். 2000-ல் முடிவு வெளிவந்தது. இயற்கையில் எவ்வுயிரிடத்தும் இல்லாத அந்தப் புரதம், தான் பிறந்த மூல நொதிகளைக் காட்டிலும் 15 முதல் 22 டிகிரி வரை கூடுதலான வெப்பத்தில்தான் குலைந்தது! ஏடு பதிப்பிப்போர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பர். பெரும்பான்மையால் பாடம் தீர்மானிப்பது அவர்கள் நெறியன்று, அரிய பாடமே சரியான பாடமாக இருப்பதும் உண்டு. புரதத்தில் அம்முறை பலித்ததன் காரணம் வேறு. ஒவ்வொரு பூஞ்சையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நேர்ந்த சிறு பலவீனங்கள், பலவற்றை ஒப்பிடும்போது தாமே உதிர்ந்துவிடுகின்றன.

வெப்பத்தை வென்றாலும் வயிறு காத்திருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லெய் என்பாரின் குழுவினர் பூஞ்சைப் பைட்டேஸையும், குடலில் வாழும் ஈ. கோலை என்ற நுண்ணுயிரின் பைட்டேஸையும் செரிமான நொதிகளுக்கு இரையாக்கிப் பார்த்தனர். பெப்சினுக்கு ஈ. கோலையின் நொதி தாங்கிற்று. பூஞ்சையின் நொதி அவ்வளவாகத் தாங்கவில்லை. டிரிப்சினுக்கோ நிலை மாறிற்று. எங்கே தொழிலோ அங்கே தாங்கவேண்டும் என்ற கணக்கில், அமிலம் மிக்க மேல்வயிற்றில் வேலைசெய்ய ஈ. கோலை நொதியே ஏற்றது என்று பலர் அதன்பால் திரும்பினர். ஆனால் அது வெப்பத்துக்கு அஞ்சும் ஜாதி. கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தார் அதன் தொடரிலுள்ள ஒவ்வோர் இடத்திலும் மற்றப் பத்தொன்பது அமினோ அமிலங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தனர். 400-க்கும் மேற்பட்ட இடங்கள். இடத்துக்குப் பத்தொன்பது மாற்றங்கள். நற்பயன் தந்தவற்றை ஒன்றுசேர்த்தபோது, வெப்பத்தைத் தாங்கும் எல்லை 12 டிகிரி உயர்ந்தது. செயற்கை இரைப்பைநீரில் தாங்கும் வலிமையும் கூடிற்று. 2004-ல் இது வெளியாயிற்று.

இரண்டு வலிமையும் சேர்ந்து வந்ததில் வியப்பில்லை. கட்டுத் தளர்ந்த புரதத்தில்தான் பெப்சினின் கத்தரி நுழைய இடமிருக்கும். இறுகக் கட்டிய மூட்டையை வெப்பமும் எளிதில் அவிழ்க்காது, கத்தரியும் எளிதில் தொடாது. ஆனால் மிக இறுகினாலும் தொல்லை உண்டு. வேலைசெய்ய நொதி சற்றே நெகிழவேண்டும். கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. ஆலையின் 90 டிகிரியில் கல்லாய் நின்றது, 41 டிகிரியில் உறங்கிவிடவும் கூடும்.

புரதத்தின் மடிப்பைக் கணக்கிட்டறியும் கலையில் சென்னைக்கும் பெங்களூருக்கும் உரிய பங்கு சிறிதன்று. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட வரைபடம், புரதத் தொடர் எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க இயலாது என்று வகுத்துக் காட்டியது. இன்றும் உலகெங்கும் புதிய புரத அமைப்பு எதையும் அந்தப் படத்தில் இட்டே சரிபார்க்கின்றனர். 1971-ல் ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அங்கிருந்து 1989-ல் ஆர். சௌதாமினி, பி. பலராம் முதலியோர், ஒரு புரதத்தில் எந்த இரு இடங்களைக் கந்தக அணுக்களால் பாலமிட்டுத் தைக்கலாம் என்று வகுக்கும் முறையை வெளியிட்டனர். ஆசிரியர் வரிசையில் சென்னையின் அதே ராமகிருஷ்ணனும் இருக்கிறார். நம் தலைமயிருக்கு வலுவளிப்பவை இத்தகைய கந்தகப் பாலங்களே. 1994-ல் கனடாவில் சைலனேஸ் என்னும் நொதியில் இப்பாலங்களை இட்டு, வெப்பத்தில் அது நிலைக்கச் செய்தனர்.

சைலனேஸும் தீவனத்தில் கலக்கும் நொதியே. கோதுமை, தவிடு ஆகியவற்றின் நார்ச்சுவரை உடைப்பது. காகிதத் தொழிலுக்கும் வேண்டப்படுவது. இதனைப் பற்றிப் பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. என்.ஜி.-27 என்று பெயரிட்ட ஒரு பாக்டீரியத்தின் சைலனேஸ் 70 டிகிரியில் தொழில் புரிவது. புரதம் செரிக்கும் நொதிக்கும் எளிதில் இரையாகாதது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் எஸ். ராமகுமார், தில்லியின் வி. எஸ். ரெட்டி ஆகியோரின் குழுவினர் 2006-ல் அதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டு வெளியிட்டனர். ஏறத்தாழ 350 அமினோ அமிலங்கள் கொண்ட அத்தொடரின் தலைப்பும் கடைசியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. 2008-ல் அவர்கள் தொடரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்த்தனர். அங்கிருந்த வாலினை நீக்கிச் சற்றே சிறிய அலனினை வைத்தால் தாங்கும் எல்லை 70-லிருந்து 68-க்கு இறங்கிற்று. சற்றே பெரிய லூசினை வைத்தாலோ 75-க்கு ஏறிற்று! முந்நூற்றைம்பது எழுத்துக்கொண்ட வாக்கியத்தில் முதலெழுத்து ஒன்று மாறியதற்கு இத்தனை விளைவு. இதைப் படித்த அன்று, வரைவைச் சரிபார்க்கும்போது முதல் வரியை மேலோட்டமாகக் கடந்துபோகும் நம் பழக்கம் நினைவுக்கு வந்தது.

நாமக்கல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். முட்டைக்கோழிக்குப் பெரும்பாலும் மாவுத்தீவனமே. நம் தம்பியின் பண்ணையில் நீராவியும் இல்லை, குச்சி அச்சும் இல்லை. நாம் பெயர்த்த அடைமொழி ஆலையின் சில விநாடி வெப்பத்தைக் குறித்தது. தகரக் கூரையின்கீழ் மாதக்கணக்கில் கிடக்கும் வெப்பம் வேறு. அங்கே ஈரமும் தாது உப்புகளின் கூட்டும் சேர்ந்து நொதியைச் சிறுகச் சிறுக அழிக்கும். விநாடிக்கும் மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை மூலமும் விளக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. நொதி வேலைசெய்யும் என்று நம்பி அவர் தாது உப்பையும் குறைத்திருந்தார்; பிரசுரமும் அப்படித்தான் குறைக்கச் சொல்லியிருந்தது. நொதி செத்துவிட்டால் இரண்டும் இல்லை. அவர் கோழிகளின் கால் தளர்ந்ததற்கு அதுவொன்றே காரணம் என்று நிறுவ நம்மால் இயலாது. நோயும் கோடையும் சுண்ணாம்புக் குறைவும் கூட முட்டை ஓட்டை மெலிவிக்கும். மூட்டையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். அவர் அதற்குள் கொட்டிவிட்டார்.

அவ்வலுவலகத்துக்கு எழுதினோம். மறு அச்சில் திருத்தலாம் என்று இசைந்தனர். இப்போது அந்த இடத்தில் மூன்று வாக்கியங்கள் உள்ளன: ‘தீவன ஆலையின் நீராவி வெப்பத்தில் சில விநாடிகள் நின்றாலும் இந்நொதி கெடாது. மூட்டையை வெயிலும் ஈரமும் படாத அறையில் வைக்க வேண்டும். உறையில் குறித்த நாளுக்குப்பின் பயன்படுத்தலாகாது.’ மேலதிகாரி இடம் போதாது என்று முணுமுணுத்தார். தம்பி மூட்டைகளை ஓட்டு வீட்டின் நெல் குதிருக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டதாகவும், தாது உப்பை முழு அளவுக்கு ஏற்றியபின் ஓடு கொஞ்சம் கெட்டிப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். நொதியை மறுபடி நம்பலாமா என்று கேட்டிருக்கிறார். முதலில் ஒரு கொட்டகைக்கு மட்டும் கலந்து பாரும் என்று பதில் எழுதினோம்.